அறுந்த மூக்கும் அழியாத கலையும்

அன்பு என்றதும் சைவ உலகம் முதலில் நினைப்பது கண்ணப்ப நாயனாரையே. காளத்தி மலையிலே இறைவன் திருக்கண்ணினின்றும் குருதி பெருகக் கண்ட அவ்வேடர் பெருமகனார் பதைபதைத்தார், பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிந்தார், குருதி நிற்கவில்லை. அவ்வேளை அவர் நெஞ்சில் எழுந்தது தம் குலத்து முதியோர் வழங்கிய ஒரு பழமொழி. நோயுற்ற தசைக்குத் தசையே மருந்து என்பது அதன் கருத்து. அக்கணமே தம் கண்ணை அகழ்ந்தெடுத்து அப்பினார். 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணம் இவ்வாறு கூறுகின்றது.

பக்திச் சுவைக்காக நாம் பலகாலும் படித்து உருகிய இடம் இது. ஆயினும், வரலாற்றுக் கண்கொண்டு நோக்குவார்க்கு இங்கே வேறொன்றும் புலனாகும். ஊறுபட்ட உறுப்பை இன்னோர் உறுப்பின் தசைகொண்டு நிரப்பலாம் என்ற எண்ணம் எண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே நம்மவர்க்குப் பழமொழியாக இருந்திருக்கின்றது. இதனைக் காட்டி, "கண்மாற்றுச் சிகிச்சையை அன்றே கண்டவர் நாம்" என்று மேடையேறி முழங்குவது நமது நோக்கமன்று. புராணத்தின் பெருமை அதன் அன்பிலே இருக்கின்றது. சத்திரசிகிச்சையின் பெருமை செய்து காட்டிய செயலிலே இருக்கின்றது. இரண்டையும் கலந்து குழப்பினால் இரண்டுக்குமே இழுக்கு. ஆகவே, மெய்யாக நிகழ்ந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கிழிந்த தோலையும் சிதைந்த முகத்தையும் மீண்டும் ஆக்கும் கலை எங்கே முளைத்தது, எவர் கையில் வளர்ந்தது, நமது துறைமுக நகருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

மூக்கும் மானமும்

நமது மொழியில் மூக்கு என்பது வெறும் உறுப்பன்று. அது மானத்தின் அடையாளம். அவமானப்பட்டவனை "மூக்கறுபட்டான்" என்கிறோம். தோற்று மீண்டவனை "மூக்குடைபட்டான்" என்கிறோம். இராமாயணப் போருக்கு வித்திட்டதே சூர்ப்பணகையின் மூக்கு அறுபட்ட நிகழ்ச்சியன்றோ? பேச்சு வழக்கில் நாம் சாதாரணமாகச் சொல்லும் இச்சொற்கள் ஒருகாலத்தில் உவமையாக இருக்கவில்லை. மூக்கை அறுத்துவிடுவது நாட்டின் பல பகுதிகளிலும் தண்டனையாகவும் பழிவாங்கும் செயலாகவும் இருந்தது.

தமிழகத்து வரலாற்றிலே "மூக்கறுப்புப் போர்" என்றே ஒரு போருக்குப் பெயர் உண்டு. 1656ஆம் ஆண்டளவில் மைசூர் மன்னன் கந்தீரவ நரசராசனின் படை மதுரை நாட்டினுள் புகுந்து, அகப்பட்ட ஆடவர் பெண்டிர் அனைவரின் மூக்கையும் அறுத்தது. முதுமையுற்று நோய்ப்படுக்கையிற் கிடந்த திருமலை நாயக்கர், இராமநாதபுரத்து இரகுநாத சேதுபதியின் உதவியை நாடினார். சேதுபதி விரைந்து வந்து பகைவரைத் துரத்தினார். துரத்திச் சென்ற மதுரைப் படையும் பழிக்குப் பழியாக மைசூரார் மூக்குகளை அறுத்தது என்பதையும் நாம் மறைத்தலாகாது. போர் முடிந்தது, மன்னர்கள் பட்டங்கள் சூட்டி மகிழ்ந்தனர். மூக்கிழந்த மக்களோ எஞ்சிய வாழ்நாளெல்லாம் முகத்தை முந்தானையாலும் துண்டாலும் மறைத்தே திரிந்திருப்பர். எங்கே கொடுமை மிகுந்ததோ அங்கேயே அதனை ஆற்றும் கலையும் வளர்ந்தது. வரலாற்றில் இது புதுமையன்று.

சுசுருதர் வகுத்த நெறி

இக்கலையை எழுத்தில் வடித்த மிகப் பழைய நூல் சுசுருத சங்கிதை. அதன் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் தோன்றி, பின் வந்தோரால் விரிக்கப்பெற்றது என்பது பலர் கொள்கை. அந்நூலின் முதற்பகுதியாகிய சூத்திரத்தானத்தின் 16ஆம் அத்தியாயம் காது குத்துதலில் தொடங்குகின்றது. குழந்தைக்குக் காது குத்துதல், துளையைப் பெருக்குதல், கனத்த அணிகளால் மடல் அறுந்துபோனால் ஒட்டுதல் என்று அது படிப்படியாகச் செல்கின்றது. அறுந்த மடலைப் பொருத்துவதற்கு மட்டும் 15 வகைகள் அங்கே கூறப்பட்டுள்ளன. மடலே இல்லாதார்க்குக் கன்னத்துத் தசையை, ஒரு புறம் ஒட்டியிருக்குமாறே, கீறியெடுத்து மடலாக்கும் முறையும் உண்டு.

இச்செய்தி நமக்கு அயலானதன்று. காது வளர்த்து, தோளைத் தொடும் அளவுக்கு மடல் தொங்க, பாம்படமும் தண்டட்டியும் அணிந்த மூதாட்டியர் தென்தமிழ் நாட்டில் அண்மைக்காலம் வரை இருந்தனர். காது வளர்க்கும் வழக்கம் எங்கே உண்டோ அங்கே மடல் அறுதலும் உண்டு. அறுந்ததை ஒட்டும் தேவையும் உண்டு. ஆகவே பெரும்போர்களிலிருந்து மட்டும் பிறந்ததன்று இக்கலை. ஆசையோடு காதுக்கு அணி பூண்ட பெண்ணின் சிறு துன்பமும் அதற்கு ஒரு தாய் எனலாம்.

அதே அத்தியாயத்தின் இறுதியில் மூக்கு வருகின்றது. இழந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கிக்கொள்ள வேண்டும். அவ்விலையின் அளவாகக் கன்னத்துத் தோலைக் கீற வேண்டும். மூக்கின் அடிப்பகுதியைச் சுரண்டிப் புண்ணாக்கி, அதன்மேல் அத்தோலைப் பொருத்திக் கட்ட வேண்டும். மூச்சு விடுவதற்கு இரு குழல்களைச் செருக வேண்டும். அதிமதுரம் முதலியவற்றின் பொடியைத் தூவி, பஞ்சால் மூடி, நல்லெண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பழைய தழும்பைப் புதுப்புண் ஆக்கினால்தான் புதுத்தோல் பற்றும் என்ற நுட்பத்தை அவர்கள் கண்டிருந்தார்கள் என்பது ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது.

மாணாக்கன் நேரே மனித உடலில் கத்தி வைக்க அனுமதிக்கப்படவில்லை. பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் வெட்டிப் பழக வேண்டும். துணிப் பாவைகளில் கட்டுப்போட்டுப் பழக வேண்டும். மென்தோலிலும் குவளைத் தண்டிலும் காது ஒட்டிப் பழக வேண்டும். நூலைக் கற்றும் கையைப் பழக்காதவனைச் சுசுருதர் வைத்தியனாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. காலப்போக்கில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. நூலறிந்தார் கத்தியைக் கீழே வைத்துவிட்டனர். குருதி தொடுவது இழிதொழில் என்ற எண்ணம் பரவியது. நூல் ஒருபுறம் கிடந்தது. கலையோ ஏட்டறிவில்லாத எளிய குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைவழியாகவே சென்றது. மகாராட்டிர நாட்டிலும், பஞ்சாப் மலைப்பகுதியான காங்ராவிலும் அத்தகைய குடும்பங்கள் இருந்தன.

ஒரு வண்டிக்காரனின் முகம்

1795ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே நமது திருகோணமலைக் கோட்டையை ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அப்படைக்குத் தலைமை தாங்கிச் சென்னையிலிருந்து வந்தவர் கேணல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர் திப்பு சுல்தானை எதிர்த்து நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில் பணியாற்றியவர் அவர். கோணேசர் மலையடிவாரத்துக் கோட்டை வாயிலைக் கடக்கும் போதெல்லாம் தளபதிகளின் பெயர்களையே நாம் நினைக்கிறோம். ஆனால் அதே மைசூர்ப் போரிலே பங்குகொண்ட வேறொருவனே மருத்துவ வரலாற்றில் நிலைத்துவிட்டான். அவன் தளபதியல்லன், சிப்பாயும் அல்லன். ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய மராட்டிய உழவன். பெயர் கவாஸ்ஜி.

அக்காலப் படைக்கு மாடே உயிர். பீரங்கியை இழுப்பதும் அரிசி சுமப்பதும் மாடே. 1791இல் சீரங்கப்பட்டினத்தை நெருங்கிய கோர்ன்வாலிஸ் பிரபு, மாடுகள் மடிந்து போனமையால் பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. வண்டிக்காரரை அச்சுறுத்தினால் படை பட்டினியாகும். 1792ஆம் ஆண்டுப் போரிலே திப்புவின் வீரரிடம் சிறைப்பட்ட கவாஸ்ஜியின் மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன என்று ஆங்கிலக் குறிப்புக் கூறுகின்றது. அவ்வாறே விடுபட்டுப் பம்பாய்ப் படையை அடைந்தான். ஓராண்டுக்கு மேலாக மூக்கின்றியே வாழ்ந்தான். பின்னர் புனா நகருக்கு அணித்தே, செங்கல் அறுக்கும் குலத்தவர் ஒருவரிடம் சென்றான். அவர் அவனுக்கு மூக்கு வைத்தார்.

இச்சிகிச்சை செய்யப்படும் முறையைப் பம்பாய் மாகாணத்து ஆங்கில வைத்தியர்களான தோமஸ் குரூசோ, ஜேம்ஸ் பின்ட்லே என்னும் இருவர் நேரிற் கண்டனர். அவர்கள் கண்டது இது: மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் அடியிற் பொருத்தி, அழகிய மூக்கு வடிவம் செய்கின்றார் அக்கைவினைஞர். பிறகு அம்மெழுகைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு கிழிக்கின்றார். கோட்டின் வழியே நெற்றித் தோலைக் கீறிக் கிளப்புகின்றார். ஆனால் முழுதும் அறுத்துவிடவில்லை. இரு புருவங்களுக்கு இடையே ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காமல் விடுகின்றார். மூக்கடியின் பழைய தழும்பைச் சீவிவிட்டு, ஓரமாகப் பள்ளம் கீறி, நெற்றித் தோலைக் கீழே திருப்பிக் கொணர்ந்து அப்பள்ளத்தில் அதன் விளிம்பைச் செருகுகின்றார். தையல் இல்லை. வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணியில் தடவி, ஐந்தாறு அடுக்காக ஒட்டிவிடுகின்றார். நான்கு நாள் அக்கட்டு அப்படியே இருக்கும். அதன்பின் நெய்யில் தோய்த்த துணி. நோயாளி ஐந்தாறு நாள் மல்லாந்தே கிடக்க வேண்டும். பத்தாம் நாள், துளை தூர்ந்துவிடாதபடி மூக்கினுள் மென்துணி வைக்கப்படும். ஏறக்குறைய 25ஆம் நாள் புருவ நடுவில் விட்ட அப்பட்டையும் அறுக்கப்படும். மூக்கு தன் காலில் நின்றுவிடும்!

அந்தச் சிறு பட்டை எதற்கு? தோட்டம் வைத்திருப்போர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நல்ல மல்லிகையின் கிளையை முறித்து நட்டால் வாடிப்போகலாம். ஆகவே கிளையைத் தாய்ச்செடியோடு இருக்கும்போதே வளைத்து மண்ணில் புதைத்து, வேர் விட்டபின் வெட்டுகிறோம். இதனைப் பதியம் போடுதல் என்கிறோம். புனாக் கைவினைஞர் செய்தது தோலுக்குப் பதியம். புருவத்தின் நடுவே மேலேறும் நாடி அப்பட்டையின் வழியே குருதியூட்ட, புதிய இடத்தில் தோல் பற்றி, அங்குள்ள குருதிக்குழாய்களோடு இணைந்தபின் தாய்த்தொடர்பு வெட்டப்படுகின்றது. சுசுருதர் கன்னத்திலிருந்து எடுக்கச் சொன்னார். இவரோ நெற்றியிலிருந்து எடுத்தார். நூலைப் பார்த்துச் செய்தவராயின் கன்னத்தையே நாடியிருப்பார். கை கற்ற பாடம் நூலைக் கடந்து முன்னே சென்றுவிட்டது என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

1794ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியர் கவாஸ்ஜியின் உருவைத் தீட்டினார். அவ்வாண்டு அக்டோபர் மாதம் இலண்டன் "ஜென்டில்மன்ஸ் மகஸீன்" இதழில் படத்தோடு இச்செய்தி வெளிவந்தது. நோயாளியின் பெயர் அங்கே உண்டு. பார்த்த வைத்தியர்களின் பெயர்கள் உண்டு. செய்தவரின் பெயர் மட்டும் இல்லை! குலத்தை எழுதியவர்கள் பெயரைக் கேட்கவில்லை. அயலார் கேட்கவில்லை என்று நாம் குறைகூறுவது எளிது. நமது நூலறிந்த பெருமக்களேனும் அதனைக் கேட்டு எழுதிவைத்தார்களா? அதுவும் இல்லை. இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

இலண்டனில் இந்திய முறை

மேலை நாட்டார் இத்துறையில் ஒன்றும் அறியாதிருந்தனர் என்பது பொருந்தாது. 15ஆம் நூற்றாண்டிலே சிசிலித் தீவில் பிரான்கா குடும்பத்தார் மூக்கு வைத்தனர். 1597இல் பொலோஞா நகரத்து தலியாகோசி, கையின் மேற்புறத் தோலைக் கிளப்பி மூக்கில் ஒட்டி, தோல் பற்றும் வரை கையைத் தலையோடு சேர்த்துக் கட்டிவைக்கும் முறையை விரிவாக எழுதினார். ஆயினும் அவருக்குப்பின் அக்கலை அங்கே மங்கி மறைந்தது.

1794ஆம் ஆண்டுச் செய்தியே அதனை மீண்டும் உயிர்ப்பித்தது. இலண்டன் சத்திரவைத்தியர் ஜோசப் கார்ப்யூ என்பவர் இந்தியாவிலிருந்து மீண்டோரிடம் விசாரித்தும், இறந்தோர் உடலிற் செய்து பழகியும், தகுந்த நோயாளிக்காகப் பல்லாண்டு காத்திருந்தார். 1814 அக்டோபர் 23ஆம் தேதி, நோய்ச் சிகிச்சையின் பயனாக மூக்கிழந்த படை அதிகாரி ஒருவருக்கு நெற்றித் தோலால் மூக்கு வைத்தார். மயக்கமருந்து நடைமுறைக்கு வந்தது 1846இல் என்பதை நினைவிற் கொண்டால் அந்நோயாளியின் பொறுமை விளங்கும். அடுத்தவர் 1811இல் ஸ்பெயின் நாட்டு அல்புவேராப் போர்க்களத்தில் தம் படையின் கொடியைக் காக்கப் போராடி முகம் வெட்டுண்ட வீரர். இவ்விரண்டையும் 1816இல் கார்ப்யூ நூலாக வெளியிட்டார். 1818இல் பெர்லின் நகரத்து கிரேஃபே "ரைனோபிளாஸ்டிக்" என்ற பெயரில் ஒரு நூல் இயற்றினார். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்ற வழக்குப் பரவ அது காரணமாயிற்று.

பிளாஸ்டிக் என்றதும் கடையில் வாங்கும் வாளியை நினைத்து, அப்பொருளை முகத்தில் வைத்துத் தைப்பார்கள் என்று எண்ணுவோர் இன்றும் உளர். அச்செயற்கைப் பொருள் பிறப்பதற்கு மிக முன்னரே இச்சொல் மருத்துவத்தில் வந்துவிட்டது. கிரேக்க மொழியில் அதற்குக் களிமண் போன்றதைப் பிசைந்து உருவாக்குதல் என்பதே பொருள். மண் பிசைந்து செங்கல் அறுத்த ஒருவரின் கைவினை, மண் பிசைதல் என்று பொருள்படும் பெயரோடு உலகெங்கும் உலவுகின்றது. அவர் பெயர் போயிற்று. அவர் தொழில் பெயராய் நின்றது எனலாம்.

நாற்று நடுதலும் நமது துறைமுகத்துத் தீயும்

பதியத்துக்கு அடுத்தது நாற்று. 1869இல் பாரிஸ் நகரத்து ரெவெர்தின், தோலைச் சிறுசிறு துணுக்குகளாகக் கிள்ளியெடுத்து ஆறாப் புண்ணில் பரப்பினார்; அவை பற்றி வளர்ந்தன. 1874இல் ஜெர்மானியர் தீர்ஷ் மெல்லிய தோற்படலங்களைச் சீவியெடுத்து விரிக்கும் முறையைக் கண்டார். இங்கே தாய்த்தொடர்பு இல்லை. பறித்த நாற்றுச் சேற்று நீரை உறிஞ்சி உயிர் தாங்கி, பின் வேர்பிடிப்பது போல, ஒட்டிய தோல் முதலிரு நாட்கள் புண்ணின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கின்றது. அதன்பின் குருதிக்குழாய்கள் இணைகின்றன. அதனாலேயே அந்நாட்களில் ஒட்டு அசையாதிருக்க வேண்டும் என்று வைத்தியர் வற்புறுத்துகின்றனர்.

முதல் உலகப் போர் இக்கலையைப் பெருக்கியது. 1916ஆம் ஆண்டு ஜட்லாண்டுக் கடற்போரிலே வெடிமருந்துத் தீயால் முகம் எரிந்த மாலுமி ஒருவருக்கு 1917இல் சிகிச்சை செய்துகொண்டிருந்தார் ஹரோல்ட் கிலீஸ். நெஞ்சிலிருந்து கிளப்பிய தோலின் விளிம்புகள் தாமாகவே உட்சுருள்வதைக் கண்டார். அவற்றைச் சேர்த்துக் குழாய்போலத் தைத்துவிட்டார். திறந்த புண் மறைந்தது, சீழ் பிடித்தல் குறைந்தது, குருதியோட்டம் செழித்தது. இங்கிலாந்தின் சிட்கப் வைத்தியசாலையில் 5,000க்கு மேற்பட்ட போர்வீரர் இத்தகைய சிகிச்சைகளைப் பெற்றனர்.

இரண்டாம் உலகப் போர் நமது வாசலுக்கே வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி காலை ஜப்பானிய வானூர்திகள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டு வீச்சுக்கு இலக்காயின. வானூர்தி ஒன்று சீனன்குடா எண்ணெய்க்குதம் ஒன்றில் மோதியதாகவும், அத்தீ நாட்கணக்கில் எரிந்ததாகவும் நம்மூர் முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். உருகி வளைந்த அதன் இரும்பைக் கண்டோர் பலர். அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் வானூர்தித் தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. இரும்பை உருக்கிய தீ மனிதத் தோலை என்ன செய்யும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவ்வாண்டுகளிலே இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்னும் சிற்றூரில் ஆர்ச்சிபால்ட் மக்கின்டோ, எரிகாயமுற்ற விமானிகளைக் கவனித்து வந்தார். கடலில் வீழ்ந்து மீட்கப்பட்டோரின் புண்கள் தரையில் வீழ்ந்தோரின் புண்களைவிட நன்றாக ஆறுவதை அவர் கண்டார். அதுவரை வழங்கிய தனிக் அமிலப் பூச்சைக் கைவிட்டு, அளவாக உப்புக் கலந்த நீரில் நோயாளரை அமிழ்த்தினார். அதனினும் பெரிது மற்றொன்று. சிதைந்த முகத்தோடு நோயாளர் கடைவீதிக்கும் கொட்டகைக்கும் சென்றுவர அவர் அனுமதித்தார். அவர்களைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம் என்று ஊராரைக் கேட்டுக்கொண்டார். ஊரார் கேட்டார்கள். "முறைத்துப் பார்க்காத ஊர்" என்று அவ்வூர் புகழ்பெற்றது. நோயாளர் 1941இல் தமக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டனர். கத்தி முகத்தை ஆக்கலாம். மனிதனை ஆக்குவது அண்டை அயலார் கண் அன்றோ?

தன்னதும் பிறனதும்

உடலின் பெரும்பகுதி எரிந்தவனுக்குத் தோல் எங்கே எடுப்பது? பிறர் தோலை ஒட்டினால் சில நாள் பிழைத்துப் பின் கழன்றுவிடும். ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடியவர் பீட்டர் மெடாவார். 1943இல் கிளாஸ்கோ வைத்தியசாலையில் தோமஸ் கிப்சன் என்பாருடன் சேர்ந்து, எரிகாயமுற்ற பெண் ஒருத்திக்கு அவள் தோலும் உடன்பிறந்தான் தோலும் துணுக்குகளாக ஒட்டப்பட்டதை ஆராய்ந்தார். அவளுடையது நிலைத்தது, அண்ணன் தம்பி உறவாயினும் அவனுடையது அழிந்தது. இரண்டாம் முறை ஒட்டியது முன்னதைவிட விரைவாக அழிந்தது. உடல் அயலானை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கின்றது என்பது இதனால் தெளிவாயிற்று. 1960இல் மெடாவார் நோபல் பரிசு பெற்றார். சிறுநீரக மாற்றம் முதலிய பிற்காலச் சிகிச்சைகளுக்கெல்லாம் இவ்வாராய்ச்சி அடிப்படை.

இனி, தோல் தானே வளருமா என்று பார்ப்போம். மேற்றோலின் அடியிலுள்ள கலங்கள் ஓயாது பிரிந்து மேலெழும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேற்பரப்புப் புதிதாகிவிடும். மெல்லிய படலம் சீவிய இடமும், மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் எஞ்சிய கலங்கள் பெருகுவதால், இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும். ஆனால் உட்தோல் முழுவதும் அழிந்தால் அது முன்போல் மீள்வதில்லை, தழும்பே வரும். தழும்பு சுருங்கும், கழுத்தை நெஞ்சோடு இழுக்கும், விரல்களை மடக்கிவிடும்.

1975இல் அமெரிக்க அறிஞர் ரைன்வால்ட், கிரீன் இருவரும் மேற்றோற் கலங்களைக் கண்ணாடித் தட்டில் பெருக்கும் வழியைக் கண்டனர். தபாற்தலை அளவு தோலிலிருந்து சில வாரங்களில் உடலை மூடும் அளவு படலம் வளர்க்கலாயிற்று. 1983இல் உடல் முழுவதும் எரிந்த இரு சிறுவர் இதனால் உயிர் பெற்றனர். 1981இல் பர்க், யானாஸ் இருவரும், மாட்டின் புரதத்தையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளையும் சேர்த்து உட்தோலுக்கு ஒரு பந்தல் அமைத்தனர். நமது துறைமுகத்தில் வலைப்படும் சுறாவுக்கு இப்படியும் ஒரு பயன்! அப்பந்தலில் நோயாளியின் கலங்கள் படர்ந்து புதிய இழையம் நெய்கின்றன. 2015இல் ஜெர்மனியில், பிறவி நோயால் தோல் உரிந்துகொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு, குறை நீக்கி வளர்த்த அவனது கலங்களைக் கொண்டே உடலின் 80 விழுக்காட்டுத் தோல் ஆக்கப்பட்டது. இத்தனையும் செய்தும், வளர்த்த அத்தோலில் மயிரும் வியர்வைச் சுரப்பியும் இயல்பாய் அமைவதில்லை. இறைவன் படைப்பின் நுட்பத்துக்கு முன் மனிதன் இன்னும் மாணாக்கனே.

நமது நாடும் நமது கடனும்

தூரத்துச் செய்திகளோடு நிறுத்தினால் இக்கட்டுரை பயனற்றதாகும். 1946இல் வேலூர் வந்த போல் பிராண்ட் என்னும் வைத்தியர், தொழுநோயால் மடங்கிய கைகளை நிமிர்த்தினார். அமிழ்ந்த மூக்கை உயர்த்தினார். உதிர்ந்த புருவத்துக்குத் தலைத்தோலை நாடியோடு கொணர்ந்து பொருத்தினார். நோய் குணமாகியும் முகம் காட்டிக் கொடுத்ததால் வேலையின்றித் திரிந்தோர்க்குப் புருவமே வாழ்வாயிற்று.

இலங்கையிலே ஹட்சன் சில்வா என்னும் வைத்தியர் 1961இல் கண்தான சங்கத்தை நிறுவினார். 1964இல் சிங்கப்பூருக்கு முதன்முதலாக விழிவெண்படலம் அனுப்பப்பட்டது. அதன்பின் நாடு நாடாக அத்தானம் சென்றது. புத்தர் பெருமான் முற்பிறப்பில் சிவி மன்னராயிருந்து கண்ணீந்தார் என்னும் கதை சிங்கள மக்கள் உள்ளத்தில் ஊறியது. புறாவுக்காகத் தசை அரிந்த சிபியும், காளத்தியில் கண்ணீந்த கண்ணப்பரும் நம் உள்ளத்தில் ஊறியவர்கள். கதை ஒன்றே, கடைப்பிடிப்பில் நாம் பின்தங்கியது ஏன்?

நமது நாட்டில் எரிகாயத்துக்குப் பெருங்காரணமாயிருந்தவற்றுள் ஒன்று குப்பிவிளக்கு. வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட அவ்விளக்கு, பூனை தட்டினாலும் சரியும். சரிந்தால் எண்ணெய் கொட்டிப் பற்றும். விஜய கொடக்கும்புர என்னும் சத்திரவைத்தியர், இவ்வாறு எரிந்தோரை ஓயாது கண்டு மனம் நொந்து, 1992இல் மாமைட் போத்தலின் குட்டையான வடிவத்தைப் பார்த்து ஒரு விளக்கு வகுத்தார். தடித்த கண்ணாடி, உருளாதபடி இரு தட்டைப் பக்கம், திருகி மூடும் உலோக மூடி. 1998இல் ரோலெக்ஸ் பரிசு அவரைத் தேடி வந்தது. கத்தியைக் கையாள்பவரே கத்திக்கு வேலையில்லாமற் செய்ய முயன்றார். மருத்துவத்தின் முடிமணி அதுவே.

2009இல் முடிந்த நீண்ட போரும் நம் மாவட்டத்திலும் அயலிலும் எத்தனையோ உடல்களில் தன் கையெழுத்தை இட்டுச் சென்றது. தழும்பை மறைக்கக் கைநீளச் சட்டையோடு வரும் அன்பரையும், திருமண வீட்டுக்குப் பின்வாசலால் வந்து பின்வாசலாலேயே போகும் சகோதரியையும் நாம் அறியோமா? அவர்களில் பலர், சுருங்கிய தழும்பை ஆண்டுகள் கழிந்தும் விடுவிக்கலாம் என்பதை அறியாமலே இருக்கின்றனர்.

ஆகவே இளைஞர்காள், மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, தீப்பட்ட இடத்தில் பற்பசையும் நெய்யும் பூசாது, ஓடும் தூய நீரை 20 நிமிடம் ஊற்றி வைத்தியசாலைக்கு விரையுங்கள். காசுக்கட்டியும் நெய்யும் அக்காலத்தார் கருவி, இக்காலத்தார்க்கு அல்ல. இரண்டாவது, கண்ணப்பர் குருபூசையை நடத்தும் நாம், அவ்வாண்டிலேனும் கண்தானப் பத்திரத்தில் கையொப்பமிடுவோம். மூன்றாவதே மிக எளியது. மிக அரியதும் அதுவே. சிதைந்த முகத்தோடு ஒருவர் எதிர்ப்படும்போது கண்ணை விலக்காமலும், உற்று நோக்காமலும், "சுகமாயிருக்கிறீர்களா?" என்று மற்றவரைக் கேட்பது போலவே கேட்டுப் பழகுவோம். திருகோணமலையும் முறைத்துப் பார்க்காத ஊர் என்று பெயர் பெறட்டும்.

புனா நகர்ப்புறத்துச் செங்கற் சூளையருகே, கையிழந்து மூக்கிழந்து வந்த ஏழை வண்டிக்காரனின் முகத்தைத் தம் கைகளில் ஏந்தினார் ஒருவர். அருவருக்கவில்லை, குலம் கேட்டுத் தயங்கவில்லை, மெழுகெடுத்து அளவு பார்க்கத் தொடங்கினார். அவர் பெயரை நாம் அறியோம். அவர் செய்த செயலை அறிவோம். அது போதும், நாம் பின்பற்றுவதற்கு.